பத்துப் பேருக்குக் கீழே

நாலாயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஊழியர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலகமே உண்டு. நாலு பேர் வேலை பார்க்கும் கடையில் அதைக் கவனிப்பது யார்? கோழிக்கோட்டுத் தையல் கடை முதல் ஜெர்மன் ரொட்டிக்கடை வரை ஒரு சுற்று.

மாலை ஆறரை மணி. கடைவீதியில் நடுத்தரமான ஒரு ஜவுளிக்கடை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண் இருபதாவது புடவையை உதறி விரிக்கிறார். இந்தப் பக்கம் மெத்தை வைத்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் முந்தானையைத் தடவிப் பார்க்கிறது. "வேற கலர் பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போகிறது. விரித்த இருபதையும் அவர் மடிக்க ஆரம்பிக்கிறார்.

அவருக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் பிரிக்காத ஜாக்கெட் துணிப் பண்டல். காலை ஒன்பதரைக்கு வந்தவர் கடை சாத்தும் வரை ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றியே பொழுதைத் தள்ளுகிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாய்ந்திருப்பதைப் புடவை மறைத்துக்கொள்கிறது.

அந்த ஸ்டூல் கடைக்குள் வந்ததற்குச் சட்டம் காரணம். அதன்மேல் பண்டல் ஏறியதற்கு?

ஸ்டூலின் கதை

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம், 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018-ல், கேரளம் இதைச் செய்துவிட்டது. அதன் பின்னால் ஒரு தையல்காரப் பெண் இருந்தார். கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பகுதியில் வேலை பார்த்த பி. விஜி. அவருடைய போராட்டம் நாற்காலி கேட்டு ஆரம்பிக்கவில்லை. கழிப்பறை கேட்டு ஆரம்பித்தது. தெரு நிறையக் கடைகள், கடை நிறையப் பெண்கள், அவர்கள் ஒதுங்க இடமில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதுதான் அவர்கள் கண்ட வழி. விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். பல கடைகளில் இரண்டிரண்டு பேராகச் சிதறிக் கிடந்தவர்களைத் தெரு என்ற கணக்கில் ஒன்று சேர்த்தார். 2018-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இந்த ஸ்டூலுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வயது. பிரிட்டனில் 1899-லேயே கடை ஊழியர் இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது. அன்றைய லண்டன் ஜவுளிக்கடை ஊழியர்கள் முதலாளி கொடுத்த விடுதியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கிருந்தே கடைக்குப் போனார்கள். தொட்டதற்கெல்லாம் அபராதம் வேறு. பதினான்கு வயதில் துணிக்கடை வேலைக்குப் போன மார்கரெட் பாண்ட்ஃபீல்ட், பிறகு கடைகளின் நிலையை உள்ளிருந்தே விசாரித்து எழுதினார். 1929-ல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். இளமையில் துணிக்கடைப் பயிற்சியில் மாட்டிக்கொண்ட எச்.ஜி. வெல்ஸ், 'கிப்ஸ்' நாவலை அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதினார். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

தலை எண்ணும் சட்டம்

சிறு தொழில் என்றதும் ஓர் ஓரத்து விஷயம் போலத் தோன்றும். 99 நாடுகளின் தரவுகளை வைத்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் சொன்ன கணக்கு வேறு. சுயதொழில், குறுந்தொழில், சிறுதொழில் மூன்றையும் சேர்த்தால் உலகின் வேலைகளில் பத்தில் ஏழு அங்கேதான் இருக்கின்றன. இந்தியாவில் 2023-24 கணக்கெடுப்பின்படி, பதிவுபெற்ற கம்பெனிகளாக இல்லாத, விவசாயம் சாராத தொழிலகங்கள் 7.34 கோடி. அவற்றில் உழைப்பவர்கள் 12 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறாது.

நம் தொழிலாளர் சட்டங்களோ வாசலில் நின்று தலையை எண்ணுகின்றன. இஎஸ்ஐ-க்குப் பத்துப் பேர் வேண்டும். பிஎஃப்-க்கு இருபது. பணிக்கொடைக்குப் பத்து. போனஸுக்கு இருபது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொண்ட கடையில், பத்தாவது ஆளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது எல்லோருக்குமே கிடைக்காமல் போகிறது.

சட்டத்துக்கு ஈரமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நியாயமும் உண்டு. நாலாயிரம் பேரில் ஒருவர் லீவு போட்டால் யாருக்கும் தெரியாது. நாலு பேரில் ஒருவர் லீவு போட்டால் கடையில் கால்வாசி லீவு. ஆறு மாதம் மகப்பேறு விடுப்பு என்றால், அந்த ஆறு மாதமும் கால்வாசிக் கடை இல்லை. உட்காருவது, கழிப்பறைக்குப் போவது, காய்ச்சலுக்குப் படுப்பது, பிள்ளை பெறுவது எல்லாமே ஓர் ஆள் கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ இல்லாமல் இருப்பதுதான். சின்னக் கடையில் பற்றாக்குறை மனசுக்கு இல்லை, மாற்று ஆளுக்கு. இந்த முடிச்சை ஒவ்வொரு ஊரும் எப்படி அவிழ்த்தது, அல்லது அவிழ்க்காமல் விட்டது என்பதில்தான் கதை இருக்கிறது.

நிமிர முடியாத பரண்

அவிழ்க்காமல் விட்ட ஊரிலிருந்து ஆரம்பிப்போம். 1960-களின் சியோல், அமைதிச் சந்தை என்று பெயர் கொண்ட துணிச் சந்தை. சின்னச் சின்னத் தையல் பட்டறைகள். வாடகையை மிச்சம் பிடிக்க, ஓர் அறையின் உயரத்தை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பரணில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகள் அதில் குனிந்தபடி பதினான்கு மணி நேரம் நூல் வெட்டினார்கள்.

அங்கே துணி வெட்டும் வேலை பார்த்த இளைஞர் ஜொன் தே-இல். பகலில் பட்டினி கிடக்கும் அந்தச் சிறுமிகளுக்குத் தன் பஸ் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக்கு நடந்தே போவார். பிறகுதான் நாட்டில் தொழிலாளர் தரச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. மனு எழுதினார், அதிகாரிகளிடம் அலைந்தார், பட்டறை பட்டறையாகக் கணக்கெடுத்தார். எதுவும் நகரவில்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு தனக்கும் தீ வைத்துக்கொண்டார். நாங்கள் இயந்திரங்கள் இல்லை என்பது அவர் எழுப்பிய கடைசி முழக்கங்களில் ஒன்று. வயது 22.

தென்கொரியாவின் தொழிலாளர் இயக்கம் அந்த நாளிலிருந்துதான் தன் வயதை எண்ணுகிறது. வார வேலை நேரத்தை 52 மணிக்குள் நிறுத்தும் சட்டம் 2018-ல் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, 2021-ல் ஐந்து பேர் வேலை பார்க்கும் இடம்வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை நேர உச்சவரம்பும் ஆண்டு விடுப்பும் சட்டப்படி கட்டாயமில்லை. ரொட்டிக்காக நடந்துபோனவர் நினைத்த சிறுமிகள் வேலை பார்த்ததும் சின்ன இடங்களில்தான்.

அண்ணாச்சி கடையும் ஜப்பானியத் திரையும்

சட்டம் வராத இடத்தில் உறவு முந்திக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னை மளிகைக் கடைக்கு வந்த பையனின் கதை நமக்குத் தெரியும். கடையிலேயே படுக்கை, அண்ணாச்சி வீட்டுச் சாப்பாடு, சம்பளம் ஊரில் அம்மாவின் கைக்கு. பொட்டலம் மடிப்பதிலிருந்து கொள்முதல் வரை பழகுவான். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அண்ணாச்சியே பக்கத்துத் தெருவில் கடை பார்த்து, சரக்கைக் கடனாக ஏற்றிக் கொடுத்து, 'பிழைச்சுக்கோ' என்று அனுப்பிவைப்பார்.

ஜப்பானின் பழைய வணிக வீடுகளில் இதே ஏற்பாடு இருந்தது. பத்து வயதையொட்டிச் சேரும் பையன் 'தெச்சி'. வளர்ந்தால் 'தெதாய்', இன்னும் வளர்ந்தால் 'பாந்தோ', அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. விசுவாசமாக உழைத்தவருக்கு முதலாளி கடைசியில் கொடுக்கும் சீர், கடை வாசலில் தொங்கும் 'நோரென்' என்ற துணித் திரையின் உரிமை. அதே பெயரில் தனிக்கடை போட்டுக்கொள்ளலாம். இதற்கு 'நோரென் பிரித்தல்' என்றே பெயர்.

இரண்டு ஊரிலும் நேரக் கணக்கு கிடையாது, லீவுக் கணக்கும் கிடையாது. அடியும் திட்டும் விழுந்திருக்கும். ஆனாலும் பையன் தாங்கினான், ஏனென்றால் ஏணியின் உச்சியில் அவனுக்கென்று ஒரு கல்லா தெரிந்தது. இன்று அந்த ஏணி பல இடங்களில் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண்ணுக்கும், ஹோட்டலில் மேசை துடைக்கிற பீகார் இளைஞருக்கும் யாரும் கடை வைத்துத் தரப் போவதில்லை. ஏணியை எடுத்துவிட்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்ற பேச்சை மட்டும் வைத்துக்கொண்டால், அதில் மிஞ்சுவது கணக்கில்லாத வேலை நேரம்தான்.

குடும்பப் பேச்சில் பொய் மட்டும்தான் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், 'கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்' என்று முதலாளி சொல்வது நாலு பேர் கடையில்தான் நடக்கும். தங்கை கல்யாணத்துக்குப் பத்திரமில்லாமல் பணம் புரட்டித் தருவதும் அங்கேதான். அந்த அட்வான்ஸ் தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாமல் கால் கட்டப்படுவதும் அங்கேயேதான். நெருக்கத்துக்கு இரண்டு முனை.

மணல் கடிகாரம்

அந்த நெருக்கத்தின் நல்ல முனையைப் பிடித்தவர்கள் ஜப்பானின் கவாசாகி நகரில் இருக்கிறார்கள். 1937-ல் தொடங்கிய நிஹோன் ரிககாகு என்ற சாக்பீஸ் கம்பெனி. அறிவுசார் குறைபாடுள்ள மாணவிகளுக்கு வேலை கேட்டு ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் திரும்பத் திரும்ப வந்தார். வேலை தராவிட்டாலும் போகிறது, வேலை என்றால் என்னவென்றாவது அவர்கள் பார்க்கட்டும் என்று கடைசியில் கேட்டார். இரண்டு பெண்கள் இரண்டு வாரத்துக்கு வந்தார்கள். முடியும் நாளில் மற்ற ஊழியர்களே நிர்வாகி யாசுஹிரோ ஓயாமாவிடம் போய், இவர்களை வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 1960-ல் இருவரும் வேலையில் சேர்ந்தார்கள்.

எடை எண் படிக்க வராதவர்களுக்கு நிறம் போதும் என்று கண்டுகொண்டார்கள். சிவப்பு டப்பாவில் இருக்கும் பொருளுக்குச் சிவப்பு எடைக்கல். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மணல் கடிகாரம், மணல் இறங்கி முடிந்தால் இயந்திரத்தை நிறுத்தலாம். ஆளுக்கு ஏற்ப வேலையை மாற்றினார்களே தவிர, வேலைக்கு ஏற்ப ஆளை நெரிக்கவில்லை. இன்று அங்கே வேலை பார்ப்பவர்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் எது வரும், எது வராது என்று தெரிந்திருந்ததால்தான் இது முடிந்தது. சின்ன இடத்தின் பலம் அது.

எல்லா ஊரிலும் ஓர் ஓயாமா கிடைப்பார் என்று நம்பிச் சட்டம் போட முடியாது. அதனால் சில நாடுகள் வேறு வழி பார்த்தன.

மொய் நோட்டு

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாத மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வழி சட்டென்று பிடிபடும். ஒருவருக்கு மொத்தமாகத் தேவைப்படும் பணத்தை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். நோட்டில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை வேறொருவர் முறை.

ஜெர்மனியின் சின்ன ரொட்டிக்கடையும் முடிதிருத்தகமும் இப்படி ஒரு மொய் நோட்டில்தான் இருக்கின்றன. அங்கே ஊழியர் நோயில் படுத்தால் ஆறு வாரம்வரை முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும். இதற்குத் தலை எண்ணிக்கை கிடையாது. நாலு பேர் கடை இதைத் தாங்குமா? தாங்கும். முப்பது பேருக்கு உட்பட்ட முதலாளிகள் எல்லோரும் மாதாமாதம் ஒரு சிறு தொகையை மருத்துவக் காப்பீட்டு நிதியில் செலுத்துகிறார்கள். ஆள் படுத்தால், கொடுத்த சம்பளத்தில் 40 முதல் 80 சதவீதம் திரும்ப வருகிறது. மகப்பேறு என்றால் முழுத் தொகையும் வருகிறது. இந்த மகப்பேறு நிதிக்கு எல்லா முதலாளிகளும் பணம் கட்ட வேண்டும், ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்திருப்பவரும்கூட. இல்லாவிட்டால் பெண்களை எடுத்தால் செலவு என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது அவர்களின் கணக்கு. 26 வாரச் சம்பளத்தை, இஎஸ்ஐ இல்லாத இடங்களில், தனி முதலாளியின் தலையில் வைத்திருக்கும் நாம் யோசிக்க வேண்டிய கணக்கு.

பின்லாந்து பணத்தோடு ஆளையும் பகிர்ந்துகொண்டது. மாடு வளர்ப்பவருக்கு ஞாயிறு ஏது? பால் கறந்தே ஆக வேண்டும். அங்கே கால்நடை விவசாயிக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுமுறை உண்டு. அந்த நாட்களில் வந்து மாட்டைப் பார்த்துக்கொள்ள, அரசு நிதியில் சம்பளம் பெறும் மாற்று ஆள் இருக்கிறார். சுவீடன் 1970-களிலேயே வட்டாரப் பாதுகாப்புப் பிரதிநிதிகளை ஏற்படுத்தியது. தொழிற்சங்கம் நியமிக்கும் இவர்கள், தமக்கென்று குழு இல்லாத சின்னப் பணியிடங்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்கள். ஜப்பானில் 1959 முதல், சிறு நிறுவன ஊழியரின் ஓய்வுப் பணத்துக்குப் பொது நிதி ஒன்று இயங்குகிறது.

இந்தோனேசியாவின் ஏற்பாடு நம் தீபாவளிக்கு நெருக்கமானது. பண்டிகைக்கு ஏழு நாள் முன்னதாக, ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பண்டிகைப் படியாகத் தந்துவிட வேண்டும். பெரிய ஆலையானாலும் சின்னக் கடையானாலும் இதே விதி. நம் ஊரில் இருபது பேருக்குக் குறைந்த கடையில் போனஸ் என்பது முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இந்த வருஷம் ஸ்வீட் பாக்ஸோடு கவர் இருக்குமா, ஸ்வீட் பாக்ஸ் மட்டுமா?

எந்த எண்ணில் எது?

தென்கொரியா: 5 பேருக்குக் கீழே வேலை நேர உச்சவரம்பு இல்லை.
தமிழ்நாடு: தொழிலாளர் நல நிதிச் சட்டம் (1972) 5 பேர் இருந்தால் பொருந்தும்.
இந்தியா: இஎஸ்ஐ, பணிக்கொடை, பாலியல் தொல்லை விசாரிக்கும் உள்ளகக் குழு ஆகியவற்றுக்கு 10. பிஎஃப், போனஸுக்கு 20. குழந்தைகள் காப்பகத்துக்கு 50.
ஜெர்மனி: 10 பேர் வரை உள்ள இடங்களில் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகப் பொருந்தாது.
ஜப்பான்: மன அழுத்தப் பரிசோதனை 2015 முதல் 50 பேர் உள்ள இடங்களுக்குக் கட்டாயம். அதற்குக் கீழேயும் கொண்டுவர 2025-ல் சட்டம் திருத்தப்பட்டது.

கல்லாவுக்குப் பின்னாலும் ஒருவர்

இவ்வளவும் சொன்ன பிறகு கல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும். அங்கே இருப்பவர் விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி, இரவு பதினொன்றுக்கு ஷட்டரை இழுப்பவர். வாடகை, வட்டி, ஜிஎஸ்டி, இருநூறு மீட்டரில் புதிதாக வந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் எல்லாம் தலைக்குள் ஓடும். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் உலகில் 7.45 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டன. அந்த 55-ஐ வியாழக்கிழமையே தாண்டிவிடும் முதலாளிகள் நம் தெருவில் உண்டு. தனக்கே லீவு இல்லாதவருக்கு அடுத்தவர் கேட்கும் லீவு ஆடம்பரமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. மாற்று ஆள் இல்லாத கொடுமை கவுண்டரின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

நம்மிடம் வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் பாலியல் தொல்லை நடந்தால் எங்கே போவது என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் யோசித்தது. மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு வை என்றது. கடைக்குள் முடியாததை மாவட்டம் எடுத்துக்கொள்ளட்டும் என்ற அந்த யோசனையை விடுப்புக்கும் மருத்துவத்துக்கும் நீட்டினால் என்ன? வணிகர் நல வாரியம் 1989 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது கடைக்காரருக்கு. அவர் கடையில் நிற்பவர்களுக்கும் சேர்த்து ஒரு நோட்டுப் போடலாம்.

தெரு அளவிலேயேகூடச் சிலதைத் தொடங்கலாம். ஒரு கடைவீதியில் நாற்பது கடை. ஒவ்வொரு கடையிலும் கழிப்பறை கட்ட இடமில்லை. நாற்பது கடை சேர்ந்தால் தெருமுனையில் சுத்தமாக ஒன்றைக் கட்டிப் பராமரிக்க ஆளும் போடலாம். ஒவ்வொரு கடையும் ஓர் உபரி ஆளை வைத்துக்கொள்ள முடியாது. பத்துக் கடைக்கு ஒருவர் என்றால் நாற்பது கடைக்கு நாலு பேர் போதும். இன்று இந்தக் கடையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அங்கே நிற்பார், நாளை அந்தக் கடையில். கோயில் திருவிழாவுக்கு வரி போட்டு, பந்தல் முதல் அன்னதானம் வரை நடத்தத் தெரிந்த வணிகர் சங்கங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

மறுபடி அந்த ஜவுளிக்கடை. ஏழே கால். பண்டலை இறக்கிக் கீழே வைக்க அரை நிமிடம் போதும். ஆனால் இறக்கி வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தால், அடுத்து உள்ளே வரும் குடும்பத்துக்கு யார் புடவை விரிப்பது? அவருக்கும் அது தெரியும், கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும். அதனால் பண்டல் ஸ்டூல்மேலேயே இருக்கிறது. இருபதாவது புடவையை மடித்து அடுக்கிவிட்டு, அவர் வாசலைப் பார்க்கிறார். ஆட்டோவிலிருந்து யாரோ இறங்குகிறார்கள்.

"வாங்க மேடம், என்ன பாக்கறீங்க?"